பாக்கெட்டுக்குள் இடது கை

பாலத்தைத் தாண்டி ஆற்றின் வடகரையில் இறங்கினால், கொடி மூடிப்போன மரங்களுக்கு நடுவே இமோஜின் க்ரட்சரின் வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். இன்ஜினை அணைத்த பிறகும் இறங்க மனமில்லாமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். முதுகுவலி ஒரு காரணம். அந்த வீட்டின் நிலவறையில் இருந்த ஆம்ப்ளிஃபயர் இன்னொரு காரணம்.

நான் ஓடெல் ஸ்டின்சன். பழைய கிடார் ஆம்ப், கிடார் ஓசையை மாற்றும் கால் பெடல், மைக் இவற்றையெல்லாம் பழுது பார்ப்பது என் தொழில். பழுது என்று சொல்வதுகூட இப்போது சரியில்லை. நன்றாக வேலை செய்கிறதைத் தூக்கிக்கொண்டு வந்து, இன்னும் இனிமையாக ஆக்கிக் கொடுங்கள் என்பார்கள். ஒருத்தன் பெடலோடு வந்து, பேட்டரி பாதி செத்திருந்தால்தான் ஓசை இனிக்கிறது, தயவு செய்து புதுசு போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினான். இன்னொருத்தன் மைக்குக்குள் இருக்கும் அலுமினிய நாடாவை மாற்றச் சொன்னான். ஊதினால் கிழிந்துபோகிற அந்த நாடாவை மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தேன். பழைய நாடாவில்தான் உயிர் இருந்தது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். விரலில் இல்லாத ஓசையைப் பெட்டிக்குள் தேடுகிறவர்களிடம் என்ன சொல்வது? எனக்கு அலுத்துப்போய் வெகுநாளாயிற்று.

இமோஜின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"உள்ள வா ஓடெல். வெந்து சாகணும்னா என் அடுப்பு இருக்கு, வண்டி எதுக்கு?"

அவள் கணவன் ஹார்மன் என் தொழில்காரன். இந்தக் கரையில் அவன், அந்தக் கரையில் நான். வாடிக்கையாளர்களைப் பற்றிப் புறம் பேசுவதற்கு எனக்கு இருந்த ஒரே ஆள் அவன்தான். நிலவறை மேசையில், திறந்துகிடந்த ஒரு ஆம்பின் முன்னால் உட்கார்ந்தபடியே செத்துப்போனான். அப்போது மகள் டான்சி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது கிடாரும் கையுமாக ஊர் ஊராகப் பாடுகிறாள். வியாழக்கிழமை அவளுக்கு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு. அப்பா பாதியில் விட்டுப்போன அந்த ஆம்பில்தான் வாசிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நீ வந்து சரிசெய்து கொடுக்காவிட்டால் அவளே திறந்துவிடுவாள் என்று இமோஜின் போனில் அழுததால்தான் வந்தேன்.

"ஓடெல் மாமா, இன்னைக்கே முடிஞ்சிருமா?" வாசற்படியிலேயே பிடித்துக்கொண்டாள் டான்சி. அப்பனின் அதே கூர்மூக்கு.

"முதல்ல ஒரு வாய் திங்க விடு கண்ணு. வெறும் வயித்துல ஷாக் அடிச்சா எனக்கு ஆகாது."

சாப்பாட்டு மேசையில் பொரித்த மீனும் சோள ரொட்டியும் கீரையும் இருந்தன. எதிரே இமோஜின், வலப்பக்கம் டான்சி. இடப்பக்கம் ஹார்மனின் நாற்காலி. அதில் இன்றுவரை யாரும் உட்காருவதில்லை. சாப்பிடும் முன் எல்லோரும் கைகோத்துக்கொண்டு ஜெபம் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். டான்சி என் வலது கையைப் பிடித்தாள். இடது கையை என்ன செய்வதென்று தெரியாமல் அந்த நாற்காலிப் பக்கமாக மேசைமேல் வைத்தேன். எதிரே இமோஜினும் ஒரு கையை அப்படித்தான் வைத்திருந்தாள். ஆமென் சொன்னதும் கைகளை விட்டோம்.

சாப்பிட்டு முடித்ததும் டான்சி கிடாரை எடுக்க மாடிக்குப் போனாள். இமோஜின் என் பக்கம் குனிந்தாள்.

"அது ஆமோஸ் டாலிவரோட பெட்டி. தெரியுமில்ல?"

தெரியும். ஆமோஸ் டாலிவர், என் அப்பா காலத்துப் பாட்டுக்காரன். சாராயக்கடைகளில் சனிக்கிழமை சாயங்காலம் பாடுவான். தந்தி மீட்டுவதற்குக் கட்டைவிரலில் சிவப்புக் கொக்கி ஒன்றை மாட்டியிருப்பான். அந்தக் காலத்து ஆம்புகளுக்கு ரெண்டு பின் பிளக்தான். எர்த் கிடையாது. உள்ளே மெயின் வயருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு சின்ன கண்டென்சர் இருக்கும். அது செத்தால் கரண்ட் நேராகக் கிடார் தந்திக்கு வந்துவிடும். இடது கையைத் தந்தியில் வைத்துக்கொண்டு உதடு மைக்கில் பட்டால் ஆள் காலி. எங்கள் தொழிலில் அந்தக் கண்டென்சருக்குப் பெயரே எமன்.

ஆமோஸுக்கு நடந்தது அதுதான். மூச்சை இழுத்துப் பாட்டைத் தொடங்கப் போனவன் அப்படியே மைக்கோடு ஒட்டிக்கொண்டான். வலது கை மட்டும் தந்தியில் ஒட்டாமல் விலகியிருந்தது. அந்தக் கையைக் கூட்டத்தைப் பார்த்து நீட்டினானாம். யாராவது பிடித்து இழுப்பார்கள் என்று நீட்டிக்கொண்டே இருந்தானாம். ஒருவரும் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் பிடித்தவனும் போயிருப்பான். அவர்கள் செய்தது சரிதான். ஆனால் அதைச் செத்துக்கொண்டிருக்கிறவனுக்கு யார் எடுத்துச் சொல்வது? அவனுடைய ஆம்பும் மைக்கும் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஹார்மனிடம் வந்தன.

"ஹார்மனுக்கு மாரடைப்புன்னு எழுதினாங்க," என்றாள் இமோஜின். "நானும் ஊருக்கு அதையேதான் சொன்னேன். ஆனா அவரைக் குளிப்பாட்டினது நான்."

"இப்ப எதுக்கு அது, விடு."

"இடது உள்ளங்கை கருகியிருந்துச்சு ஓடெல்."

அது நடக்கவே முடியாது. காரணம் சொல்கிறேன்.

உயிரோடு இருக்கிற, அதாவது கரண்ட் ஓடுகிற, ஆம்பைத் திறந்து வேலை செய்யும்போது ஒரு கைதான் உள்ளே போக வேண்டும். வலது கையில் சீனச் சாப்பாட்டுக் கடையில் தரும் மரக்குச்சி. அதால் ஒவ்வொரு சாலிடர் பற்றாகத் தட்டிப் பார்த்துத் தளர்ந்த இடத்தைக் கண்டுபிடிப்போம். இடது கை பின்பக்க பாக்கெட்டில். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் ஒரு கையில் ஏறி இதயத்தின் குறுக்கே ஓடி மறு கையில் இறங்கும். பாக்கெட்டில் இருக்கும் கையில் இறங்க வழியில்லை. ஹார்மன் இதில் வெறியன். ஆழமான பின்பாக்கெட் வைத்து இமோஜினிடம் தனி ஏப்ரனே தைத்து வாங்கியிருந்தான். செத்தபோதும் அவன் இடது கை அந்தப் பாக்கெட்டுக்குள்தான் இருந்தது. அது ஊருக்கே தெரியும்.

"பாக்கெட்டுக்குள்ள இருந்த கை எப்படிக் கருகும்?" என்றாள் இமோஜின்.

கரண்ட் இறங்குவதற்கு அந்தப் பாக்கெட்டுக்குள் ஏதோ இருந்திருக்க வேண்டும். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டில் வெளிச்சம் பாதிதான் வந்தது. வெளியே கொளுத்துகிற வெயிலுக்கும் அந்த அறைக்கும் சம்பந்தமே இல்லை. ஈரச் சுவர், தூசி, பழைய சாலிடர் பசையின் பிசின் வாசனை. ஹார்மனின் ஏப்ரன் ஆணியில் தொங்கியது. மேசைமேல் ஆம்பின் உட்சட்டம் கவிழ்த்தபடி, அவன் விட்ட இடத்திலேயே கிடந்தது. பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி. மூலையில் ஆமோஸின் மைக், ஸ்டாண்டோடு, தலையில் துணி போர்த்தி நின்றது. இருட்டில் ஒல்லியான ஆள் ஒருவன் நிற்பது போலவே இருந்ததால் முதல் வேலையாகத் துணியை உருவினேன்.

"முதல்ல எமனை எடுத்துருவேன். மூணு பின் வயர் போட்டு எர்த் குடுப்பேன். அப்புறம்தான் மத்ததெல்லாம்," என்றேன், கிடாரோடு பின்னால் இறங்கி வந்த டான்சியிடம்.

"ஐயோ, வேண்டாம் மாமா! வயரை மாத்தினா ஓசை மாறிடும்னு எல்லாரும் சொல்றாங்களே."

"எல்லாரும்னா யாரு? உயிரோட இருக்கிறவங்களா?"

டான்சி உதட்டைச் சுழித்தாள். "அப்பா இதை மாத்தலையே."

"உங்கப்பன் முடிச்சிருந்தா மாத்தியிருப்பான். என் கை பட்டு வெளிய போற ஆம்புல எர்த் இருக்கும். இஷ்டம்னா சொல்லு, இல்லைன்னா இப்பவே கிளம்புறேன்."

அரை மனதாகத் தலையாட்டினாள். ரெண்டு பின் வயரையும் எமனையும் கழற்றி ஒரு பையில் போட்டு, பெட்டியின் உட்புறத்தில் ஆணியடித்து மாட்டினேன். கழற்றிய பழைய பாகம் உடையவருக்கே சேர வேண்டும். அதைத் திருப்பிக் கொடுக்காதவனுக்கு எங்களுக்குள் திருடன் என்று பெயர். பிறகு ஹார்மன் விட்ட இடத்துக்கு வந்தேன். ஓசை கொஞ்சம் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று அவன் செய்துகொண்டிருந்த மாற்றம் அது. ஒரே ஒரு வயர் முனை பற்றவைக்கப்படாமல் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு சுத்தமான வேலை! அந்த ஒரு பற்றை நான் வைத்து முடித்தேன்.

பிளக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். உள்ளே கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன. அவற்றின் மேல் கிடந்த தூசி கருகி வாசனை எழுந்தது. டான்சி சற்றுத் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு தந்தியை மீட்டினாள்.

சும்மா சொல்லக்கூடாது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அத்தனை வருட அலுப்பையும் துடைத்தெடுத்துப் போகிற ஓசை.

"அப்பா!" என்றாள் டான்சி.

"இரு, இன்னும் தட்டிப் பாக்கணும். வாசிக்காதே."

இடது கையைப் பின்பாக்கெட்டில் விட்டேன். வலது கையில் மரக்குச்சியை எடுத்து ஒவ்வொரு பற்றாகத் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்பீக்கரில் டொக் என்று ஒரு சத்தம் வரும். டொக். டொக். எல்லாம் இறுக்கமாக இருந்தன.

அப்போது ஸ்பீக்கரில் வேறொரு சத்தம் வந்தது.

மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்.

பாட்டைத் தொடங்கப் போகிறவன் நெஞ்சு நிறைய இழுப்பானே, அந்த மூச்சு. இழுத்ததோடு நின்றது. பாட்டு வரவில்லை.

"வாசிக்காதேன்னு சொன்னேன்ல?"

"நான் தந்தியைத் தொடவே இல்ல மாமா."

தளர்ந்த வால்வாக இருக்கும் என்று மீண்டும் குனிந்தேன். மறுபடி அதே மூச்சு. கூடவே என் பாக்கெட்டுக்குள் சூடு ஏறியது. ஒரு பக்கமாகவே உட்கார்ந்து வேலை பார்த்ததில் ரத்தம் கட்டியிருக்கும் என்று நினைத்து விரல்களை விரித்தேன்.

விரித்த விரல்களுக்கு நடுவே வேறு விரல்கள் வந்து கோத்துக்கொண்டன.

வியர்வையில் நனைந்த பெரிய கை. அதன் கட்டைவிரல் என் புறங்கையில் அழுந்தியது. அழுந்திய இடத்தில் தோல் இல்லை. ஏதோ வழுவழுவென்று கெட்டியாக, ஓரம் கூராகக் குத்தியது.

கட்டைவிரல் கொக்கி.

ஹார்மனின் உள்ளங்கை எப்படிக் கருகியது என்று அப்போதுதான் புரிந்தது. இறங்க வழியில்லாத கரண்டுக்கு இந்தக் கைதான் வழி.

கையை உருவப் பார்த்தேன். அசையவில்லை. கோபமாக இறுக்குகிற பிடி அல்ல அது. வெள்ளத்தில் போகிறவன் கிடைத்த கிளையைப் பிடிப்பானே, அந்தப் பிடி. அது இழுக்க இழுக்க என் தோள் பின்னால் சரிந்தது. சரிவைத் தாங்குவதற்காக என் வலது கை தானாகவே முன்னால் போனது. மரக்குச்சி நழுவி விழுந்தது. விரல் நுனிக்குக் கீழே, ஆம்பில் எதைத் தொடவே கூடாதோ அந்த முனை, ஆளை அடித்துப் போடும் வோல்ட்டோடு, மொட்டையாக நின்றது.

"டான்சி," என்றேன். குரல் எழும்பவில்லை. "பிளக்கைப் பிடுங்கு."

"என்ன மாமா? ஏன் இப்படி முழிக்கிறீங்க?" அவள் எழுந்து என்னை நோக்கி ஓடிவந்தாள்.

"என்னைத் தொடாதே! பிளக்கு!"

நின்றாள். சுவரோரம் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

ஆம்பின் விளக்கு அணைந்தது. அதோடு முடிந்தது என்று வெளியாள் நினைக்கலாம். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்களில் கரண்ட் தங்கியிருக்கும். அது வடிகிறவரை ஆம்புக்கு உயிர் உண்டு. ஸ்பீக்கரில் அந்த மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. என் வலது கை அந்த முனைக்கு மேலே தொங்கியது. எந்த நேரமும் தோள் விட்டுவிடும் போலிருந்தது. மூச்சு மெலிந்தது. இன்னும் மெலிந்தது. கடைசியில் நூல் அறுவது போல நின்றபோது பாக்கெட்டுக்குள் என் கை தனியாக இருந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். டான்சி தண்ணீர் கொண்டுவந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். அவள் என் முகத்தையும் ஆணியில் தொங்கிய ஏப்ரனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"வெயில்ல வந்தீங்க. வயிறு நிறைய வேற சாப்பிட்டீங்க," என்றாள் மெல்ல.

"என்னைக் கிறுக்கன்னு வேணாலும் நினைச்சுக்க. எர்த் இருக்கு, அதனால குடுத்துட்டுப் போறேன். ஆனா அந்த மைக்கை இந்த ஆம்போட சேர்த்து வைக்காதே. உன் அப்பன் மேல சத்தியமா வைக்காதே."

சரி என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெடலைப் பிரித்து வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இமோஜின்.

"ஓடெல், அந்த மூணு பின் வயரு நம்ம வீட்டு மேசை மேல கிடக்கு."

"என்னது?"

"நேத்து கீழயிருந்து சாலிடர் வாசனை வந்துச்சு. ஏதோ பெடல் வேலைன்னு நினைச்சேன். இப்ப இறங்கிப் பாத்தா வயரு கிடக்கு. மைக்கையும் காணோம்."

ஹார்மன் மகளுக்குச் சாலிடர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியாதா? பையில் போட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேனே, அதையே எடுத்து மாட்டியிருக்கிறாள். பழைய வயரில்தான் அப்பாவின் ஓசை இருக்கிறது என்று எவனோ சொல்லியிருப்பான். இந்தத் தொழிலையும் இதில் வருகிற ஒவ்வொருத்தரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வண்டியை விரட்டினேன்.

ஸ்டுடியோ ஆற்றங்கரைச் சாலையில் இருக்கிறது. ஜன்னல் இல்லாத கட்டிடம். சுவரெல்லாம் கம்பளம். வெளி அறையில் ஒலிப்பதிவாளர் க்ரேடி காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தான். டேப் ஓடிக்கொண்டிருந்தது.

"அற்புதமான ஓசை அண்ணே," என்று கிசுகிசுத்தான். "ஆனா அவ மூச்சு விடுற சத்தம் ரொம்ப விழுது."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

டான்சி ஆமோஸின் மைக்கின் முன்னால் கண்ணை மூடி நின்றாள். வலது கை கிடார் தந்திகளின் மேல் இருந்தது. இடது கை ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் இருந்தது.

கிடார் வாசிக்கிறவள் எதற்காக இடது கையைப் பாக்கெட்டில் வைக்கிறாள்?

அவளுடைய உதடு மைக்கை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அறைக்குள் ஸ்பீக்கர் கம்மென்று உறுமியது. எமன் செத்துப்போன உறுமல் அது. என் காதுக்கு வேறு சாட்சி தேவையில்லை. க்ரேடி தடுக்கத் தடுக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். ரெண்டு பின்.

ஆம்ப் விளக்கு அணைந்தது. டான்சி கண்ணைத் திறந்தாள். மைக்குக்கும் அவள் உதட்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது.

"மாமா," என்றாள். சிறுபிள்ளைக் குரல். "கை வரல."

"இரு. வடியட்டும். வடிஞ்சா விட்டுரும்."

காத்திருந்தோம். மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. மெலியவில்லை. அன்றைக்கு நின்ற நேரத்தைவிட எவ்வளவோ தாண்டிப் போயும் நிற்கவில்லை. கண்டென்சரில் அவ்வளவு கரண்ட் இருக்க முடியாது. எந்தக் கண்டென்சரிலும் இருக்க முடியாது. டான்சியின் பாக்கெட் துணி புடைத்துக்கொண்டிருந்தது. ஒரு கைக்கு அவ்வளவு புடைக்காது.

அவள் உதடு மறுபடியும் மைக்கை நோக்கிச் சாய்ந்தது. அவளாகச் சாயவில்லை.

க்ரேடி அவள் தோளைப் பிடித்து இழுக்க ஓடிவந்தான். "தொடாதே" என்று கத்தி, அவனை மறித்து வெளியே தள்ளினேன். கத்திய பிறகுதான் உறைத்தது. அன்றைக்குச் சாராயக்கடையிலும் இதே வார்த்தையைத்தான் யாரோ கத்தியிருப்பார்கள். நீட்டிய கையோடு ஆமோஸ் அதைக் கேட்டுக்கொண்டே செத்திருப்பான்.

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கு இப்போதுதான் தொண்டை திறந்திருக்கிறது. நண்பனின் மகள். கணக்குப் போட என்ன இருக்கிறது?

ஆம்பின் பக்கத்தில் போய் நின்று, என் இடது கையைப் பின்பாக்கெட்டில் விட்டேன்.

"ஆமோஸ்," என்றேன். பெரியவரைக் கூப்பிடுவது போல மரியாதையாகத்தான் கூப்பிட்டேன். "அவ சின்னப் பொண்ணுய்யா. அவளை விட்டுருங்க. இங்க ஒரு கை சும்மாதான் இருக்கு. இதைப் பிடிச்சுக்குங்க. நான் இழுத்துக்க மாட்டேன்."

மூச்சு நின்றது.

அறை முழுக்க ஓசையே இல்லை. கம்பளம் போர்த்திய சுவர்கள் காதை அடைத்தன.

டான்சியின் கை வெளியே வந்தது. தடுமாறிப் பின்னால் போய் விழுந்தாள். உள்ளங்கை வெளுத்துச் சுருங்கி இருந்தது. புறங்கையில் பிறை மாதிரி ஒரு தடம் சிவந்திருந்தது.

என் பாக்கெட்டுக்குள் விரல்கள் வந்து கோத்துக்கொண்டன.

நான் இழுத்துக்கொள்ளவில்லை.

அந்த ரெண்டு பின் வயரை வலது கையாலேயே துண்டு துண்டாக வெட்டினேன். எமனைச் சுத்தியால் அடித்து நசுக்கினேன். ஆம்பையும் மைக்கையும் இமோஜினே முன்னால் நின்று ஆற்றில் போடச் செய்தாள். டான்சி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இப்போது கடையில் வாங்கிய புது ஆம்பில்தான் வாசிக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஓசை எப்போதும் அவள் விரலில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். "கை எப்படி இருக்கு மாமா?" என்பாள். நன்றாக இருக்கிறது என்பேன்.

கடையை மூடிவிட்டேன். ஒரு கையால் என்ன வேலை செய்ய முடியும்? என் மனைவி நெட்டியிடம் இடது தோளில் பிடிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். கடிந்துகொண்டே எனக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கிறாள். சாப்பாட்டு மேசையில் அவள் எனக்கு வலப்பக்கம் உட்காருவாள். இடப்பக்க நாற்காலி பிள்ளைகள் போனதிலிருந்து காலிதான். சாப்பிடும் முன் அவள் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்வாள்.

ஆமென் சொன்னதும் நெட்டி கையை விட்டுவிடுவாள். இடது பக்கம் மட்டும் விடுவதில்லை.